எல்லா டெஸ்ட்டும் நார்மல், வயிற்று வலி மட்டும் போகவில்லை. டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) என்கிறார். நம்பலாமா?

நம்பலாமுங்க. அந்தக் கேள்விகளும் ஒரு பரிசோதனைதான்.

என் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும். காலையில் ஷிப்ட்டுக்குக் கிளம்புவதற்குள் பலமுறை பாத்ரூம் ஓடுவாள். வேலைக்கு நடுவில் எழுந்து போகக் கூச்சப்பட்டுப் பட்டினியாகவே போவாள். நாட்டு வைத்தியமாகக் குடலேத்தம் தட்டியாயிற்று, தொக்கம் எடுத்தாயிற்று. ஸ்கேன் ரிப்போர்ட் நன்றாக வந்ததும் வீட்டில், "ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு பண்றா" என்று பேசினார்கள். வலியைவிட அந்தப் பேச்சுதான் அவளை உடைத்துப் போட்டது.

கோவையில் பார்த்த குடல் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வலி வந்தா, வெளிக்குப் போயிட்டு வந்ததும் கொறையுதுங்களா, அதிகமாகுதுங்களா?" என்று ஆரம்பித்தார். பிறகு ஒரு படத்தை நீட்டினார். மலத்தின் வகைகளை எண் போட்டுக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணை என்பார்கள். புழுக்கை போலக் கெட்டியாக இருப்பது 1, வெறும் தண்ணீராகப் போவது 7. அக்கா வாய் திறக்காமல் 6-ஐ விரலால் தொட்டாள். வாயால் சொல்லக் கூசுவதைக் கைகாட்டிவிடலாம் என்பதற்காகவே அந்தப் படம் எனக்குப் பிடித்துப்போனது.

அவர் கேட்டதெல்லாம், ஐ.பி.எஸ்.தானா என்று முடிவு செய்ய குடல் நிபுணர்கள் வகுத்து 2016-இல் வந்த ரோம் 4 வரையறையை ஒட்டியவை. வயிற்று வலி கடந்த 3 மாதமாக வாரத்தில் சராசரி ஒரு நாளாவது இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

"தூக்கத்துல வலி எழுப்பி உடுதுங்களா?" என்பதைத்தான் அழுத்திக் கேட்டார். தூக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு தேடிப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு இதில் ஒன்று இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐ.பி.எஸ். இருப்பவர்களின் குடலைப் பார்த்தால் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புச் செய்தி கூர்மையாகிவிடுவதால், மற்றவர்களுக்கு உறைக்காத வாயு இவர்களுக்கு வலியாகவே உறைக்கும். பிரமை இல்லைங்க, நிஜ வலி. இதற்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற, மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரையை எழுதித் தருவதுண்டு. மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரை" என்று சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், எழுதிய டாக்டரிடமே கேளுங்கள். அந்த நரம்பு வலியை அடக்கவும் அது உதவும்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, பருப்பு சிலருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டு மெலிந்துபோக வேண்டாம். உணவு ஆலோசகர் சொல்கிறபடி கொஞ்ச காலம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். அக்காவுக்குப் பூண்டுதான் ஒத்துக்கொள்ளவில்லை, அரிசிம்பருப்பு சாதம் இன்னமும் சாப்பிடுகிறாள்.

அடுத்த முறை போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது வலித்தது, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை போனீர்கள், படத்தில் எந்த எண். அதை அப்படியே டாக்டர் கையில் கொடுங்கள்.