கிரவுண்டைப் பிரித்தும் ஏடிசி அளவு குதிக்கிறது – பதில்

லோட்செல் (எடை உணரும் சென்சார்) போர்டில் அனலாக், டிஜிட்டல் கிரவுண்டை (கரண்ட் திரும்பி வரும் செம்புப் பரப்பை) வெட்டிப் பிரித்து, பவர் சாக்கெட் அருகில் மட்டும் இணைத்தும் 24 பிட் ஏடிசியின் (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) அளவு ஆடுகிறது என்கிறீர்கள். லேஅவுட் படத்தைப் பார்த்தேன், ஏடிசியை மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்கும் எஸ்பிஐ டிரேஸ் (செம்புக் கோடு) நான்கும் அந்த வெட்டைத் தாண்டித்தான் போகின்றன, வினை அங்கேதான். கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். சிக்னல் சில நானோசெகண்டில் ஏறி இறங்குகிறது, அந்த வேகத்தில் திரும்பி வரும் கரண்ட் டிரேஸுக்கு நேர் கீழேயே வரப் பார்க்கும், அங்கே செம்பு இல்லையென்றால் பவர் சாக்கெட் வரை ஊர் சுற்றித்தான் வரும், அந்தப் பெரிய வளையம் ஆன்டெனா மாதிரி நாய்ஸைப் பரப்பும். (நானும் இப்படி வெட்டி இரண்டு வாரம் தொலைத்தவன்தான்.)

முதலில் ஒரு சோதனை: அந்த டிரேஸ்களை ஒட்டி, வெட்டின் இரண்டு ஓரத்திலும் சால்டர் மாஸ்கை (செம்பின் மேலுள்ள பூச்சு) சுரண்டி, குட்டையான செம்புப் பட்டை வைத்துப் பற்றவையுங்கள். ஆட்டம் குறைந்தால் காரணம் உறுதி.

அடுத்த போர்டில் வெட்டே வேண்டாம். ஒரே முழு கிரவுண்ட் பிளேன், ஏடிசியின் இரண்டு கிரவுண்ட் பின்னும் அதிலேயே. லோட்செல் ஒரு பக்கம், மைக்ரோகன்ட்ரோலரும் பக் கன்வெர்ட்டரும் (வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) எதிர்ப்பக்கம். மெயின்ஸ் ஐசொலேஷன் (வீட்டு மின்சாரப் பகுதியைப் பாதுகாப்புக்காகப் பிரிப்பது) என்றால் வெட்டு கட்டாயம், அது வேறு கதை.

பட்டை வைத்தும் ஆடினால் பக் கன்வெர்ட்டர் பக்கத்தைப் பெரிதாக்கி ஒரு படம் போடுங்கள், பார்க்கலாம்.