பதினோரு மணி வெயில்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். தனியார் விமானி உரிமத்துக்காக இங்குள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தை ஓட்டப் பழகுகிறேன். இன்ஸ்ட்ரக்டர் கூட இல்லாமல் போகும் நீண்ட தனிப்பயணம் ஒன்றும் தேர்வும்தான் பாக்கி. சலினாஸில் இறங்கி, பாசோ ரோபிள்ஸ் போய்த் திரும்ப வேண்டும். ஆனால் இந்தக் கோடையில் சனிக்கிழமை காலை என்றாலே கடலோரம் முழுக்க மேகம் மூடிக்கொள்கிறது, இன்ஸ்ட்ரக்டர் ரத்து செய்துவிடுகிறார். போன வாரம் பதினோரு மணிக்கெல்லாம் பளீரென்று வெயில் அடித்தது, போயிருக்கலாம். அவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறாரோ என்று தோன்றுகிறது. வீட்டில் கேலி செய்கிறார்கள், பணமும் கரைகிறது. லீவு போட்டு அரிசோனா போய் முடித்துவிடலாமா? வீட்டில் சிமுலேட்டர் வாங்கினால் உதவுமா? இந்தச் சோர்வை எப்படிச் சமாளிப்பது? வானிலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டுக் கேலியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிமுலேட்டர், ரேடியோவில் பேசிப் பழகவும் செக்லிஸ்ட் மனதில் பதியவும் உதவும், தரையிறக்கும் கைப்பழக்கத்தைத் தராது. பணம் உங்கள் கணக்கு, அதில் நான் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது. "பதினோரு மணிக்கெல்லாம் பளீரென்று வெயில் அடித்தது, போயிருக்கலாம்."

மீனம்பாக்கம் விமான நிலையத்து வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். இந்த வாக்கியத்தை ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் சென்னையில் இதே கூத்துதான். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும், கன மழை என்று எச்சரிக்கை போகும், கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார். ராத்திரியோடு ராத்திரியாக அது கொஞ்சம் வடக்கே விலகி ஆந்திராப் பக்கம் போய்விட்டால் மறுநாள் காலையில் இங்கே வெயில் காயும். உடனே ஊரே சிரிக்கும், மீம்ஸ் பறக்கும். முந்தின நாள் ராத்திரி எச்சரிக்கை எழுதிய அந்த மனுஷன் கையில் என்ன தகவல் இருந்தது, அதை வைத்து வேறு என்ன முடிவு எடுத்திருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த முடிவை அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து அளக்காமல் பிறகு நடந்ததை வைத்து அளக்கும் இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. விமானம் ஓட்டக் கற்பவரிடம் இதைப் பார்க்கும்போது எரிச்சல் பயமாகவே மாறிவிடுகிறது. ஏனென்றால் இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. போகக் கூடாத நாளில் கிளம்பி, ஏதோ புண்ணியத்தில் பத்திரமாக இறங்கிவிட்டவர், தான் எடுத்தது சரியான முடிவு என்றே நம்பிவிடுவார். அடுத்த முறையும் கிளம்புவார், இன்னும் கொஞ்சம் மோசமான வானத்தில்.

சரி, வெயில் அடித்தது. எங்கே? உங்கள் வீட்டு வாசலில். சலினாஸில் அடித்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். சலினாஸ் இருக்கும் பள்ளத்தாக்கு மான்டரே விரிகுடாவுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. கோடையில் அங்கே கடல்நீர் ஜில்லென்று இருக்கும், காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகப் போக ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதன்மேல் தவழும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. அதற்கும் மேலே, பசிபிக்கின் உயரழுத்தத்தால் கீழ்நோக்கி இறங்கிச் சூடேறிய காற்று மூடிபோல உட்கார்ந்திருப்பதால் மேகம் மேலே எழும்ப முடியாமல் தாழ்வாகப் பரவி நிற்கிறது. ஆயிரம் அடி, சில நாளில் அதற்கும் கீழே. வெயில் ஏற ஏற நிலப்பக்க ஓரத்திலிருந்துதான் கரையும். சான் ஹோசே வெளுத்த பிறகும் சலினாஸ் மூடியே கிடக்கலாம். காலையில் திறந்தாலும் சாயங்காலம் கடற்காற்றோடு திரும்பி உள்ளே வந்துவிடும், அது நீங்கள் வீடு திரும்பும் நேரமாகவும் இருக்கலாம். வழியில் இரண்டு பக்கமும் மலை. மேலே மேகம், கீழே தரை, நடுவில் குறுகிக்கொண்டே போகும் இடைவெளி. இதில் உங்களைத் தனியாக அனுப்பவில்லை என்பதற்காகவா அவரைப் பயந்தவர் என்கிறீர்கள்? அங்கே மாணவரின் ஒவ்வொரு தனிப்பயணத்துக்கும் அன்றைய வானிலையைப் பார்த்து லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அந்தக் கையெழுத்தின் கனம் உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

மேகத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. நம் உட்காதில் இருக்கும் திரவம் மெதுவான சாய்வைக் கண்டுகொள்ளாது, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நேராகப் போவதாகவே சொல்லும். உடம்பு சொல்வதை நம்பினால் விமானம் சுழன்றுகொண்டே இறங்கும். உங்கள் பாடத்தில் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் மூன்று மணி நேரத்தைக் கட்டாயமாக வைத்திருப்பது, எப்படியாவது திரும்பி வெளியே வந்துவிடுங்கள் என்பதற்காக. உள்ளே போகலாம் என்பதற்காக இல்லை.

உரிமம் வாங்கிய பிறகு ரத்து செய்ய யாரும் இருக்க மாட்டார்கள், அதையும் யோசியுங்கள். 1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடியின் மகன் நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குத் தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். கூடவே மனைவியும் மனைவியின் அக்காவும். பொழுது சாய்ந்த பிறகு கிளம்பியது, கீழே கடல், சுற்றிலும் புழுக்கமான மங்கல். சட்டப்படி பறக்கத் தடையில்லாத வானிலைதான் அது. கூட வரட்டுமா என்று ஒரு பயிற்றுநர் கேட்டதும், தனியாகப் போகவே விரும்புவதாக அவர் சொன்னதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. திசை தடுமாறி விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

மீனம்பாக்கத்தில் என் சீனியர் ஒருவர் இருந்தார். அரை மணிக்கு ஒரு முறை மொட்டை மாடிக்குப் போய், வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம் என்று குறித்துக்கொள்வோம். பார்வைத் தூரத்துக்கு அடையாளங்கள் உண்டு: பரங்கிமலைக் கோயில் தெரிகிறதா, பல்லாவரம் குன்று தெரிகிறதா, அந்தப் பக்கத்துப் புகைபோக்கி தெரிகிறதா. விமானம் ஓட்டப் பழகும் பையன்கள் வந்து, "சார், இன்னைக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போய்விடுவார். ஒரு மார்கழிக் காலை, ஒரு பையன் பனிமூட்டத்தைப் பார்த்தபடி, "மலை தெரியுது சார்" என்றான். அவர் அவனை நிறுத்தி வைத்து, "கண்ணுல தெரியுதா, நேத்து பார்த்த ஞாபகத்துல தெரியுதா?" என்று கேட்டார். பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தெரியல சார்" என்றான். அவன் முதுகில் தட்டிக்கொடுத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் மாடியில் சொல்லிக் கொடுத்ததைத்தான், தம்பி, உங்கள் இன்ஸ்ட்ரக்டர் ரத்து செய்யும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் இழக்கிறீர்கள். பறக்கும் மணிக்கணக்கு போகிறதே என்று வருந்துகிறீர்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பயிற்சியை அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பதற்கு வருந்தவில்லையே.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே சலினாஸ், வாட்சன்வில், பாசோ ரோபிள்ஸ் மூன்றின் நிலவரத்தையும் முன்னறிவிப்பையும் எடுத்து வையுங்கள். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு இடைவெளி, அது குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். போவேன், போகமாட்டேன், எத்தனை அடிக்குக் கீழே மேகம் இறங்கினால் எங்கே திரும்பிவிடுவேன் என்று ஒரு தாளில் கையால் எழுதுங்கள். காலையில் அவர் கூப்பிடுவதற்கு முன்பு ஒரு முறை திருத்துங்கள், அவர் கூப்பிட்ட பிறகு தொடாதீர்கள். அவர் ரத்து செய்தால் காரணத்தைக் கேட்டு உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள், சண்டை போட வேண்டுமானால் அதை வைத்துப் போடுங்கள், நல்ல இன்ஸ்ட்ரக்டர் சந்தோஷப்படுவார். அப்புறம் மத்தியானம் வரை சலினாஸ் எப்போது திறந்தது, சாயங்காலம் எப்போது மூடியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சோர்வு எங்கே போனது என்று தேடுவீர்கள். அதோடு, சில வாரம் இடைவெளி விழுந்திருந்தால் வானம் தெளிந்த முதல் நாளே தனிப்பயணம் போகாதீர்கள். ஓடுபாதையைச் சுற்றி அவரோடு இரண்டு மூன்று முறை இறங்கி ஏறிவிட்டுப் போங்கள்.

அரிசோனாவா? ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் இடிமழையும் புழுதிப்புயலும் உண்டு, வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து விமானம் மேலே ஏறவே திணறும். அந்த வானத்தைக் கற்க ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள். சலினாஸ் மேகத்திலிருந்து தப்பிக்கத்தான் என்றால் வேண்டாம், திரும்பி வந்து நீங்கள் ஓட்டப்போவது அந்த மேகத்துக்குப் பக்கத்தில்தானே.

முதல் தாளை எழுதியதும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்.