அவரோகணத்தில் ஓர் ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தொன்று. இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் உட்கார்ந்து கேட்டவன் இல்லை. சென்ற மாதம் தூக்கம் வராத ஓர் இரவில் ‘ஹைப்!’ என்ற பழைய ஆவணப்படத்தைப் பார்த்தேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராக் குழுக்களைப் பற்றியது. அதில் வந்தவற்றில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் நிர்வாணா. அதுவும் பனியனில் பார்த்த பெயர். அது ஓர் இசைக்குழு என்பதே அன்றுதான் தெரிந்தது. மறுநாள் அந்தப் படத்தின் பாடல் தொகுப்பைத் தேடி எடுத்தேன். மூன்று வாரங்களாக வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் திரும்பும் பஸ்ஸிலும் அதுதான் காதில் ஓடுகிறது.

கல்லூரிக் காலத்திலிருந்து ராக் கேட்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். முழு ஆல்பங்களைக் கேட்டு வர வேண்டுமாம். படத்துக்காகத் தொகுத்ததைக் கேட்பது, கல்யாணத்துக்குப் போகாமல் தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது போலவாம். ராக் இசையில் பங்க் என்ற வகை எது, கிரஞ்ச் என்ற வகை எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்பது உண்மைதான். பாதிப் பாடல்களில் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இது என்ன ரசனை? அடுத்து எதைக் கேட்கலாம்?

இரா.
திருப்பூர்

*

அன்புள்ள இரா.,

உங்கள் நண்பர் முதன்முதலில் கேட்ட ராக் கேசட் எது என்று விசாரியுங்கள். யாரோ ஓர் அண்ணன் பத்துக் குழுக்களிலிருந்து பொறுக்கிப் பதிவு செய்துகொடுத்த கலவையாகத்தான் இருக்கும். நம் ஊரில் அந்த இசைக்குள் முன்வாசல் வழியாக நுழைந்தவர்களை நான் பார்த்ததில்லை.

நானும் கொல்லைப்புறமாக வந்தவன்தான். அதுவும் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அதே தொகுப்பின் வழியாக. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய குறுந்தகடுகளை என்னிடம் தள்ளிவிட்டார். அவற்றில் ஒன்றுக்கு உறையும் இல்லை, பாடல் பட்டியலும் இல்லை. தட்டின் மேல் படத்தின் பெயர் மட்டும் இருந்தது. இன்று போல ஒரு பாடலைக் கேட்ட நொடியில் அதன் பெயரைத் தேடி அறியும் வசதி அப்போது கிடையாது. ஏறத்தாழ ஒரு வருடம், எது யாருடைய பாட்டு என்று தெரியாமலே கேட்டேன். இரண்டு பெண்கள் உற்சாகமாகக் கத்திப் பாடும் ஒரு பாடல் இருந்தது. அந்த ஊரிலேயே பெரிய குழு அவர்களுடையதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது ஃபாஸ்ட்பேக்ஸ் என்ற குழு. 1979இல் தொடங்கியது, டிரம்ஸ் வாசிப்பவர்களை மாற்றிக்கொண்டே இருந்தது, பெரிய பணம் எதையும் பார்த்ததில்லை. ‘நெகட்டிவ் க்ரீப்’ என்ற பாடலில் அடித்தொண்டையிலிருந்து ஒருவன் அலறுவான். அவனைத்தான் நான் ஊர்பேர் தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன். அவன்தான் நிர்வாணாவின் பாடகன் கர்ட் கோபேன்.

உங்கள் நண்பர் இதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பு அப்படிக் கேட்பதற்காகவே அமைந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. படத்தின் இயக்குநர் டக் ப்ரே. 1991 ஏப்ரலில் சியாட்டிலின் ஓகே ஹோட்டலில் நிர்வாணா தன் மிகப் புகழ்பெற்ற ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலை முதன்முறையாக மேடையில் வாசித்த காட்சி அவர் கையில் இருந்தது. படத்தில் அது வருகிறது. அதே பாடலைத் தொகுப்பிலும் சேர்த்திருந்தால் வேறு எதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சேர்த்தது 1989ஆம் ஆண்டு ‘ப்ளீச்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாடலை, அதாவது அறுநூறு டாலரில் பதிவான ஆல்பத்திலிருந்து. அந்தத் தொகையை உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். உலகப்புகழ் பெற்ற குழுவுக்கும் ஒரு பாடல், உள்ளூரைத் தாண்டாத குழுவுக்கும் ஒரு பாடல். ஊர்ப் பந்தியில் மிராசுதாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவில் இலை போட்டது மாதிரி.

பங்க் எது, கிரஞ்ச் எது என்ற கேள்விக்கு அந்தப் படத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. நடுராத்திரியில் பார்த்ததால் தவறவிட்டிருப்பீர்கள், மறுபடி பாருங்கள். லைட்டன் பீசர் என்ற சியாட்டில் கிட்டார்காரர் நமக்கு வாசித்தே காட்டுகிறார். முதலில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1977இல் வெளியிட்ட ‘ராக்அவே பீச்’. கை கிட்டாரின் கழுத்தில் மேல்நோக்கி ஏறுகிறது. அடுத்து கிரீன் ரிவர் குழுவின் ‘கம் ஆன் டவுன்’. தாளம் மாறவில்லை, ஒன்றிரண்டு சுரங்களே வேறு. ஆனால் கை இறங்குகிறது, அவ்வளவில் பாட்டு இருண்டுவிடுகிறது. ஏறும்போது ஒரு முகமும் இறங்கும்போது வேறு முகமும் காட்டும் ராகங்களைக் கேட்ட காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பங்க் ஆரோகணம், கிரஞ்ச் அவரோகணம். பீசர் இதைப் பாதி வேடிக்கையாகத்தான் செய்கிறார். இதை இலக்கணமாக்கிவிடாதீர்கள். உங்கள் தொகுப்பிலேயே பாதிப் பாடல்கள் இதற்குள் அடங்காமல் திமிறும்.

எனக்கு இதைவிடத் துல்லியமாகப் படுவது வேகக் கணக்கு. ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடங்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது என்ற அந்தக் கொள்கைதான் பங்க். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பங்க் குழுக்கள் அந்த வேகத்தையும் மிஞ்சி ஓடின. அப்படி ஓடியவற்றில் முன்னால் நின்ற பிளாக் ஃபிளாக், 1984இல் ‘மை வார்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், செக்கு சுற்றுகிற வேகத்தில். பங்க் ரசிகர்களில் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் சில இளைஞர்கள் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சிறுவயதில் பிளாக் சபாத் என்ற மெதுவான, கனத்த ராக் குழுவைக் கேட்டவர்கள், வளர்ந்தபின் பங்க் பழகியவர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அந்த மூன்று பாடல்கள் அனுமதி கொடுத்தன. அதே மாநிலத்து மெல்வின்ஸ் குழுவைக் கேட்டால் இது உடனே பிடிபடும்.

இந்தக் குழுக்களின் கிட்டாரில் கேட்கும் கரகரப்புக்கு ஒரு பெட்டிதான் காரணம். காலால் மிதித்து இயக்கும் சிறிய பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மின் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் முகடுகளைச் சீவிவிடும். வளைந்து வந்த அலை சதுரமாக வெளியேறும். மட்ஹனி குழு 1988இல் வெளியிட்ட தட்டுக்கு, தாங்கள் பயன்படுத்திய அப்படிப்பட்ட இரண்டு பெட்டிகளின் பெயரையே ஒட்டவைத்து ‘சூப்பர்ஃபஸ் பிக்மஃப்’ என்று சூட்டியது. ஒரு நாகஸ்வர வித்வான் தன் இசைத்தட்டுக்குச் ‘சீவாளி’ என்று பெயர் வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

சியாட்டில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சாலை வழியாகச் சுமார் 1300 கிலோமீட்டர். வெளியூர்க் குழுக்கள் பலவும் அவ்வளவு தூரம் போவதில்லை. மழைக்காலமோ நீளம். எனவே அவர்கள் நிலவறைகளில் தமக்குள் வாசித்துக்கொண்டார்கள். ஒரு குழு உடைந்தால் அதிலிருந்து இரண்டு முளைத்தன. பீசர் வாசித்துக் காட்டிய கிரீன் ரிவர் உடைந்துதான் ஒரு பக்கம் மட்ஹனியும், இன்னொரு பக்கம், நடுவில் வேறொரு குழுவைக் கடந்து, பெர்ல் ஜாமும் வந்தன.

1992 ஜனவரியில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. அதன்பின் நடந்த கூத்தைத்தான், ஊதிப் பெருக்கிய விளம்பரம் என்ற பொருளில், படத்தின் தலைப்பு சொல்கிறது. குளிருக்காகப் பழைய துணிக்கடையில் மலிவாக வாங்கிய கட்டம்போட்ட சட்டை நியூயார்க் ஃபேஷன் மேடையில் ஏறியது. எனக்குப் பிடித்த கதை மெகன் ஜாஸ்பருடையது. சப் பாப் இசை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1992 நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கிரஞ்ச் இளைஞர்களின் வட்டார வழக்குச் சொற்கள் என்னென்ன என்று கேட்டார்கள். அப்படி ஒரு வழக்கே கிடையாது. ஜாஸ்பர் வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னார். வெட்டியாகப் பொழுது போக்குவதற்கு ‘ஸ்விங்கின் ஆன் த ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்’, உதவாக்கரைக்கு ‘காப் நாப்ளர்’. நாளிதழ் அதை அப்படியே அகராதியாக அச்சிட்டது. அவர் பிற்பாடு அதே சப் பாப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நீங்கள் பார்த்த பனியனும் இந்தக் கூத்தின் நீட்சிதான். அதைப் பற்றி உங்களைவிட எனக்குக் குறைவாகத்தான் தெரியும்.

வரிகள் புரியவில்லை என்கிறீர்கள். தொகுப்பில் டெட் மூன் குழு இருக்கிறதல்லவா, ஃப்ரெட் கோல், டூடி கோல் என்ற ஆரெகான் மாநிலத் தம்பதியின் குழு? ஃப்ரெட் தன் இசைத்தட்டுகளுக்கான மூலத்தட்டைத் தானே ஒரு பழைய இயந்திரத்தில் வெட்டிவந்தார். 1963இல் கிங்ஸ்மென் குழு போர்ட்லேண்டில் பதிவு செய்த ‘லூயி லூயி’ பாடலுக்கான மூலத்தட்டை வெட்டிய அதே இயந்திரம். அந்தப் பாடலில் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. விசாரணையே நடத்தியது. முடிவில், வரிகள் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. ஆங்கிலம் பேசும் துப்பறிவாளர்களுக்கே இந்தக் கதி. நீங்கள் வருந்த வேண்டாம்.

ஒரு பாடலை மட்டும் விவரம் தெரிந்து கேளுங்கள். தி கிட்ஸ் குழுவின் ‘செகண்ட் ஸ்கின்’. பாடுபவர் மியா சபாட்டா. பட்டியல் இல்லாத என் தட்டில், அந்தக் குரலுக்காகவே திரும்பத் திரும்பப் பின்னோக்கி ஓட்டுவேன். பெஸ்ஸி ஸ்மித் போன்ற பழைய ப்ளூஸ் பாடகிகளின் கனம் அதில் இருக்கும். இந்தப் பெண் இப்போது எங்கே பாடிக்கொண்டிருப்பாள் என்று யோசித்தது நினைவிருக்கிறது. 1993 ஜூலையில், 27 வயதில், இரவில் வீடு திரும்பும்போது அவர் கொல்லப்பட்டார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. தொகுப்பு வெளிவந்தபோதே அவர் இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. விசாரணை நகரவில்லை. ஊர்க் குழுக்கள் நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டித் தனியார் துப்பறிவாளரை அமர்த்தின. அப்போது உலகப்புகழின் உச்சியிலிருந்த நிர்வாணாவும் அதற்காக வாசித்தது. கொலையாளி 2003இல் மரபணுப் பரிசோதனையில்தான் சிக்கினான். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பாடலை முன்போல என்னால் கேட்க முடியவில்லை. தெரியாமல் கேட்ட அந்த ஒரு வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

அடுத்து என்ன கேட்கலாம்? இன்னொரு ஆவணப்படத் தொகுப்பைத்தான் சொல்வேன், நண்பர் கோபித்தாலும் பரவாயில்லை. பெனலபி ஸ்ஃபீரிஸ் 1979–80இல் லாஸ் ஏஞ்சலிஸ் பங்க் குழுக்களைப் படமெடுத்தார்: ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’. படம் 1981இல் வெளியானபோது, அதை மறுபடி திரையிட வேண்டாம் என்று நகரக் காவல்துறைத் தலைவரே கேட்டுக்கொண்டார். 2016இல் அது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இதில் மட்டும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் தொகுப்பைக் கேளுங்கள், பிறகு படம். ஜெர்ம்ஸ் குழுவின் டார்பி கிராஷைத் திரையில் பார்த்தால், நிற்க முடியாமல் தள்ளாடும் ஓர் இளைஞன்தான் தெரிவான். படம் வெளிவருவதற்கு முன்பே, 22 வயதில் இறந்துபோனவன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அவன் பின்னால் அந்தக் குழு எவ்வளவு கட்டுக்கோப்பாக வாசிக்கிறது என்பது காதில் விழும்.

முழு ஆல்பம்தான் வேண்டும் என்றால் போர்ட்லேண்டின் வைப்பர்ஸ் குழு 1980இல் வெளியிட்ட ‘இஸ் திஸ் ரியல்?’ ஒன்று போதும், இப்போதைக்கு.

உங்கள் நண்பரை ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். ‘ஹைப்!’ தொகுப்பின் வரிசையைக் கலைத்து, பட்டியலைக் காட்டாமல் ஓடவிடுங்கள். எந்தப் பாட்டில் அவர் தலை ஆடியது என்று எனக்கு எழுதுங்கள். என் கணிப்பு ஃபாஸ்ட்பேக்ஸ்.