நீர் போனால் சர்க்கரையும் போகுமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மொட்டை மாடியில் வற்றல் போட அனுமதி இல்லாததால், உணவைக் காயவைக்கும் டிஹைட்ரேட்டர் இயந்திரம் வாங்கினேன். மாம்பழம், வாழைப்பழத் துண்டுகளைக் காயவைத்து, சர்க்கரை நோய் உள்ள என் கணவருக்கு நொறுக்குத்தீனியாகக் கொடுக்கிறேன். இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியாருக்கு, முருங்கைக்கீரைப் பொடியை இரண்டு வாரமாகச் சூப்பில் கலந்து தருகிறேன். அடுத்து, டெல்லியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்குக் கோழியில் உப்புக்கண்டம் போட்டு அனுப்ப ஆசை. இயந்திரத்தில் காயவைத்தால் சத்தெல்லாம் அழிந்துவிடும் என்கிறாள் என் தங்கை. உண்மையா?

பதில்: தங்கையின் சந்தேகம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் மாமியாரைக் கவனிப்போம். அவருக்குப் பொருத்தியது உலோக வால்வு என்றால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை சாப்பிட்டுவருவார். வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் இந்த மாத்திரைகள் பலன் தருகின்றன. முருங்கைக்கீரையிலோ அந்த வைட்டமின் ஏராளம். பொரியலாகச் செய்தால் எவ்வளவு கீரை சாப்பிடுகிறோம் என்று தட்டைப் பார்த்தாலே தெரியும். பொடியாக்கிவிட்டால், இரண்டு கரண்டியில் எத்தனை கைப்பிடிக் கீரை அடங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மாத்திரையின் பலன் குறைந்து வால்வில் ரத்தக்கட்டி உண்டானால், அது மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம்.

எனவே நாளைக்கே அவருடைய இதய மருத்துவரைத் தொடர்புகொண்டு, பொடி கொடுக்கத் தொடங்கிய நாளையும் அளவையும் சொல்லுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். பொடியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றவே கூடாது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கீரையே ஆகாது என்பதில்லை. திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து. இந்த வகை மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றால் சூப் தாராளமாகத் தொடரலாம்.

இனி தங்கைக்கு. அவர் சொல்வதில் பாதி சரி. வைட்டமின் சி வெப்பத்தாலும் காற்றுப் படுவதாலும் கணிசமாகக் குறையும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் எங்கும் போய்விடாது. கீரையில் உள்ள பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை, நேர்வெயிலைவிட இருட்டான இயந்திரமே நல்லது. ஈயும் தூசியும் அண்டாது, ஐப்பசி மழைக்கும் பயமில்லை. வாங்கியது வீண் செலவு இல்லை.

ஆனால் அந்த இயந்திரம் வெளியேற்றுவது நீரை மட்டும்தான். மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர். 200 கிராம் சதையைக் காயவைத்தால் 40 கிராம் அளவுக்கு வந்துவிடும். அதில் இருந்த 27 கிராம் சர்க்கரையோ அப்படியே இருக்கும். ஒரு முழு மாம்பழத்தை உட்கார்ந்து சாப்பிட்டால் வயிறு போதும் என்று சொல்லும். டப்பாவில் இருக்கும் துண்டுகளைத் தொலைக்காட்சி பார்த்தபடி கொறிப்பவருக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது. கணவருக்கு இதை நொறுக்குத்தீனியாகக் கொடுக்காதீர்கள். அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால், காய்ந்த வாழைப்பழத்தில் செறிந்திருக்கும் பொட்டாசியம் இன்னொரு தொல்லை. தக்காளி, பாகற்காய், கொத்தவரங்காய் காயவையுங்கள். வற்றலை உப்பில் ஊறவைத்து எண்ணெயில் பொரிக்காமல், குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

பழங்களுக்கும் காய்களுக்கும் 57 டிகிரி செல்சியஸ் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். சில நாளில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பழத்துண்டுகளை ஆறவிட்டுக் கண்ணாடிச் சீசாவில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி தெரிந்தால் மறுபடியும் இயந்திரத்தில் வைக்க வேண்டியதுதான். பூஞ்சை தெரிந்தால் சீசாவோடு கொட்டிவிடுங்கள். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே வேண்டாம். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுவதும் போகாது.

கடைசியாக, கோழி. பச்சைக் கோழியை நேராக இயந்திரத்தில் வைக்கவே கூடாது. ஈரம் ஆவியாகும்போது இறைச்சி குளிர்வதால், இயந்திரம் 60 டிகிரி காட்டினாலும் துண்டுக்குள் அந்தச் சூடு இருக்காது. உள்ளே சூடு ஏறுவதற்குள் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உலர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. சாகாமல் காத்திருந்து, ஈரம் பட்டதும் மீண்டும் பெருகும். கோழியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். எலும்பில்லாத துண்டுகளைக் குக்கரில் நன்றாக வேகவைத்து, நீரை வடித்து, மெல்லியதாகப் பிய்த்து, அதன்பிறகு 60 டிகிரியில் காயவையுங்கள். பச்சைக் கோழி வெட்டிய பலகையில் காய்ந்த துண்டுகளை வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மகனின் விடுதியில் அந்த வசதி இல்லையென்றால், கோழிக்குப் பதில் பருப்புப் பொடியும் சுண்டைக்காய் வற்றலும் அனுப்புங்கள்.