டிராயிங் முதல் டூல் ரூம் வரை: ஒரு பொறியியல் ஆலோசகரின் பதில்கள்

கோவை வட்டாரத்துப் பம்பு, மோட்டார், கிரைண்டர் தொழிற்கூடங்களுக்குப் பொருள் வடிவமைப்பிலும் உற்பத்தி முறைகளிலும் ஆலோசனை சொல்லிவரும் மூத்த பொறியாளர் ஒருவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

இறுதியாண்டு மாணவர், சேலம்: வடிவமைப்பு ஆலோசகராக வர எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கேட்டியா ஆகியவற்றுள் ஒன்றை ஊன்றிக் கற்றவருக்கு மற்றொன்று எளிதில் பிடிபடும். வரைந்த பொருளை மோல்டிலிருந்து (வார்க்கும் அச்சிலிருந்து) கழற்ற முடியுமா என்பதை, மோல்டும் டையும் செய்யும் டூல் ரூமில்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் வேலையை, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், டை செய்யும் இடத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

சிறுதொழில் முனைவோர், திருப்பூர்: ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒரு மூடி செய்தோம். உள்ளே ரிப் (வலுவுக்காக வைக்கும் மெல்லிய முட்டுச்சுவர்) இருக்கும் இடங்களில் வெளிப்பக்கம் குழி விழுகிறது. மோல்டிங் செய்பவர் தம் மெஷினில் குறையில்லை என்கிறார்.

நீங்கள் அனுப்பிய டிராயிங்கில் சுவரும் 2.5 மி.மீ., ரிப்பும் 2.5 மி.மீ.; குறை அங்கேதான் இருக்கிறது. இரண்டும் கூடும் இடத்தில் பிளாஸ்டிக் தடித்துவிடுவதால், வெளித்தோல் முதலில் இறுகிய பின்னும் உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி, அந்தத் தோலை உள்ளே இழுக்கிறது. ஏபிஎஸ்ஸில் ரிப்பின் தடிமன் சுவரில் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள், அதாவது உங்கள் மூடிக்கு 1.25 முதல் 1.5 மி.மீ. வரை, இருக்கலாம். வலு போதாவிட்டால் ரிப்பின் உயரத்தையோ எண்ணிக்கையையோ கூட்டுங்கள். பிளாஸ்டிக் இறுகும்வரை மெஷின் கொடுக்கும் அழுத்தத்தை (ஹோல்டிங் பிரஷர்) ஏற்றினால் குழி ஓரளவு மறையும், முழுதும் போகாது.

இப்போதைய சிக்கல் வேறு. மோல்டில் ரிப் என்பது எஃகில் வெட்டிய பள்ளம். அதை அகலப்படுத்துவது எளிது, குறுக்க வேண்டுமானால் வெல்டு செய்தோ தனி எஃகுத் துண்டை (இன்செர்ட்) வைத்தோதான் ஆக வேண்டும். இதனால்தான் முதலில் மெல்லியதாக வெட்டச் சொல்கிறோம். மோல்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் டிராயிங்கோடு மோல்டு செய்பவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பயிற்சிப் பொறியாளர், ஓசூர்: கேட்டியா நல்லதா, கிரியோ நல்லதா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கண்டுபிடிப்பாளர், மதுரை: காப்புரிமை பெறுவது எப்படி?

இது என் துறையன்று. காப்புரிமை முகவர் ஒருவரை அணுகுங்கள். விண்ணப்பிக்கும்வரை பொருளைக் கண்காட்சியில் வைக்காதீர்கள்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர், கோவை: எல்லா அளவுக்கும் அனுமதிக்கும் விலகலை ±0.02 மி.மீ. என்று கொடுத்துவிட்டால் தரம் தானே வரும். ஆலோசகர்கள் ஏன் தளர்த்தச் சொல்கிறீர்கள்?

ஷாஃப்ட் நுழையும் 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற துல்லிய வகுப்பைக் கேட்டால் 0 முதல் +0.021 மி.மீ. வரைதான் இடம், அங்கே நியாயம் இருக்கிறது. எதனோடும் பொருந்தாத மூடியின் வெளிவிளிம்புக்கும் அதே இறுக்கத்தைக் கேட்டால், வார்த்தபடியே விட்டிருக்கக்கூடிய பரப்பை மெஷினில் ஏற்றிக் கடைந்து, ஒவ்வொன்றாக அளந்து, அத்தனைக்கும் பணம் கொடுக்கிறீர்கள்.

அதே மேலாளர்: தளர்த்தினால் ஆபரேட்டர்களும் தளர்ந்துவிடுவார்கள்.

லேத் பட்டறை உரிமையாளர், பீளமேடு: ஐயா, குறுக்கிடுகிறேன். இந்த ±0.02 டிராயிங்குகள் எங்களுக்கும் வருகின்றன. அளவு தவறிப்போன உருப்படிகளை, விலகலை ஏற்பதாக டீவியேஷன் கையெழுத்துப் போட்டு அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த எண் எதற்கு?

பட்டறைக்காரர் கேட்டதற்கு மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. டிராயிங்கில் தரும் அளவுகள் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கானவை. கோடையில் 35 பாகை உள்ள பட்டறையில் 100 மி.மீ. அலுமினிய உருப்படி ஏறக்குறைய 0.034 மி.மீ. விரிந்திருக்கும், எஃகு மைக்ரோமீட்டரும் விரியும், ஆனால் அதில் பாதியளவே. மீதி வேறுபாடான 0.017 மி.மீ. உங்கள் ±0.02இல் ஒரு பக்கத்தைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுகிறது. மெஷினிலிருந்து சூட்டோடு எடுத்ததாக இருந்தால் இன்னும் மோசம்.

மேலாளர்: அப்படியானால் எதைத்தான் இறுக்குவது?

ஒவ்வோர் அளவையும் எடுத்து, அது எந்த உறுப்பைத் தொடுகிறது என்று டிராயிங்கிலேயே எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லாதவற்றுக்கு பொது அளவு விலகல்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 2768இன் நடுத்தர வகுப்பு போதும். 30 முதல் 120 மி.மீ. வரையிலான அளவுகளுக்கு அது ±0.3 மி.மீ. தருகிறது. இந்தப் பட்டியலை மோல்டு அல்லது வார்ப்பு ஆர்டருக்கு முன்பே, செய்பவரின் எதிரில் அமர்ந்து போடுங்கள்; இதை மறுபடியும் சொல்கிறேன்.

பணியிலிருந்து விலகவிருப்பவர், சென்னை: தனி ஆலோசகராகப் போகிறேன். மிச்சப்படுத்திக் கொடுக்கும் தொகையில் பங்கு கேட்கலாமா?

வேண்டாம். மிச்சம் எவ்வளவு என்பதில் முதலாளியின் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப்போவது அரிது. டிராயிங் ஒப்புதல், முதல் டிரையல், உற்பத்தி ஒப்படைப்பு என்று கட்டம் கட்டமாகக் கட்டணம் பேசுங்கள். மோல்டு செய்பவரிடம் கமிஷன் வாங்கினால் அவருடைய வேலையைக் குறைசொல்லும் உரிமை போய்விடும்.

மாணவர், ஈரோடு: சாலிட்வொர்க்ஸ் சான்றிதழ் இருந்தால் வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. மென்பொருள் பற்றி இனிப் பதில் சொல்வதாக இல்லை.

பட்டறை உரிமையாளர், பீளமேடு: குளிரூட்டிய அறை எங்களிடம் இல்லை. அலுமினியத்தை எப்படி அளப்பது?

அதே அலுமினியத்தில், உருப்படியின் அளவிலேயே, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி (மாஸ்டர்) செய்து, அதை ஒருமுறை 20 பாகை ஆய்வகத்தில் அளந்து வாங்கி வையுங்கள். உருப்படியையும் மாஸ்டரையும் சர்ஃபேஸ் பிளேட் எனும் சமதளப் பலகையின் மேல் சில மணி நேரம் சேர்த்து வைத்த பிறகு, நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜை மாஸ்டரில் பூச்சியமாக்கி, உருப்படியின் வேறுபாட்டை மட்டும் படியுங்கள். இரண்டும் ஒரே அளவு விரிந்திருப்பதால் பட்டறையின் வெப்பம் கணக்கில் வராது.