பெரிய ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தில் சேருமுன், அது நிலையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரவு தடைபட்டாலும் சில மாதம் சம்பளம் போடும் தெம்புதான் நிலைத்தன்மை. வடிவமைப்புக் கட்டணம் மொத்தமாக வராது. முதல் வரைபடம், அனுமதி, டெண்டர், கட்டுமானம் என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். வேலை நின்றால் அடுத்த கட்டப் பணமும் நிற்கும். சம்பளம் மாதாமாதம் போயாக வேண்டும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கால்வாய் பாயும் குளத்துக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வரும். மானாவாரிக் குளம் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அந்த வருஷம் வறண்டுதான். மருத்துவமனை, அரசுக் கட்டிடம், குடியிருப்பு என்று பலதரப்பட்ட வேலை வைத்திருக்கும் நிறுவனம் முதல் வகை.

சென்னை, பெங்களூரு வேலைக்குக் கையெழுத்திடுமுன் ஈ.பி.எஃப்.ஓ. (ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு) தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடுங்கள். மாதவாரியாக எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பி.எஃப். கட்டினார்கள் என்று தெரியும். கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. கட்டும் தேதி அடிக்கடி அதைத் தாண்டிப்போனால் கையில் பணமில்லை என்று சந்தேகப்படலாம். ஆள் எண்ணிக்கை திடீரென இறங்கியிருந்தால் காரணத்தை நேர்காணலிலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி இருப்புநிலைக் குறிப்பையும் (பேலன்ஸ் ஷீட்) லாப நஷ்டக் கணக்கையும் பார்க்கலாம். வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி வருஷா வருஷம் வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறதா என்பதே அவற்றில் முக்கியம்.

ஆள்பலம் பெரிதென்றால் வேலை உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே பெரிய திட்டத்துக்காகச் சேர்த்த ஆட்கள் என்றால், அது நின்றதும் முதலில் வெளியே போவது அவர்கள்தான்.