ஹெட்டைக் கழற்றாமல் கேம்ஷாஃப்ட் மாற்றும்போது லிஃப்டர்கள் கீழே விழாமல் நிறுத்துவது எப்படி?

5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சின் உள்ள, இரண்டு லட்சம் மைலைத் தாண்டிய செவ்ரோலே சில்வராடோவில் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்க வைக்கும் மேடுகள் கொண்ட தண்டை) மட்டும் மாற்றப் போவதாகவும், சிலிண்டர் ஹெட்டுகளைத் தொடாமல் பதினாறு லிஃப்டர்களையும் (அந்த மேடுகளின் மேல் ஏறி இறங்கும் சிறு உருளைகளையும்) மேலேயே நிறுத்த இரண்டு கம்பிகள் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கம்பிகள் போதும். ஆனால் லிஃப்டர்களை முதலில் மேலே பிடித்து நிறுத்துவது கம்பியன்று, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டுகள். அவை விட்டுவிட்டால் கம்பியைச் செருகவே வழியிருக்காது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1955இல் கொண்டுவந்த பழைய ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினாலே லிஃப்டர்கள் கைக்கு எட்டும். ஒவ்வொன்றாக மேலே உருவி, வரிசை மாறாமல் அடுக்கி வைத்துவிட்டுக் கேம்ஷாஃப்டை வெளியே எடுக்கலாம். நம் ஊர் அம்பாசிடரில் இருந்த பிஎம்சி பி வரிசை எஞ்சினில்கூடப் பக்கவாட்டு மூடியைத் திறந்து டேப்பட்டுகளை, அதாவது லிஃப்டர்களை, எடுத்துவிட முடியும். 1997 மாடல் கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ்1 முதற்கொண்டு இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் அந்த வசதி இல்லை. தட்டுக்கு நான்காக லிஃப்டர்கள் ஹெட்டுக்கு அடியில் அடங்கியிருப்பதால், ஹெட்டைக் கழற்றாமல் அவற்றை வெளியே எடுக்க முடியாது.

ரோலர் லிஃப்டர் தன் துளைக்குள் திரும்பிவிடாமல் இருக்க, அதன் தட்டையான பக்கங்களைக் கவ்விப் பிடிப்பதுதான் அந்தத் தட்டின் வேலை. அந்தக் கவ்வலிலேயே லிஃப்டரைத் தொங்கவிடும் அளவுக்கு உராய்வு இருப்பதால்தான் இந்தக் குறுக்குவழி சாத்தியமாகிறது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கிராங்க் பேலன்சர் (கிராங்க்ஷாஃப்டின் முன்முனைச் சக்கரம்), டைமிங் மூடி ஆகியவற்றை எடுத்த பின், கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரத்தின்) புள்ளியை மேலேயும் கேம் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளியை நேர் கீழேயும் வைத்து, வால்வை அழுத்தும் ராக்கர்களையும், லிஃப்டருக்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள புஷ்ராடுகளையும் கழற்றுங்கள். பிறகு செயினை விடுவித்து, ஸ்ப்ராக்கெட்டை மட்டும் கையிறுக்கமாகப் பூட்டிக் கேம்ஷாஃப்டை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு மேடும் தன் லிஃப்டரை மேலே தள்ளும்போது கையில் சிறு தடை தெரியும். இரண்டாம் சுற்றில் தண்டு தடையின்றி, ஓசையின்றிச் சுழல வேண்டும். அப்போதும் ‘டிக்’ என்று கேட்டாலோ கைக்குத் தடை தட்டினாலோ, ஏதோ ஒரு லிஃப்டர் தட்டில் நிற்காமல் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று பொருள்.

இதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. புஷ்ராடு இருந்த துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் லிஃப்டரின் கிண்ணம் தெரியும். பதினாறும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆழத்தில் தெரிந்தால் அதுதான் இறங்கியது. எண்ணெய்ச் சூட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் பிடிப்பை இழப்பது இயல்பு என்பதால், உங்கள் வண்டியில் இந்தச் சோதனை முடியும் வரை கேம்ஷாஃப்டை ஓர் அங்குலம்கூட வெளியே இழுக்காதீர்கள்.

சோதனை சரியாக வந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் அதன் பின்னாலுள்ள கேம் பிடிப்புத் தகட்டையும் கழற்றுங்கள். தண்டின் இரு பக்கமும் எண்ணெய் ஓடும் நீளத் துளைகள் தெரியும். 5/16 அங்குலக் கம்பிகளைப் பின்கோடி வரை செருக வேண்டிய இடம் அதுதான். கடையில் கிடைக்கும் மரக்குச்சிகளையே பலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் ஓடும் பாதையில் மரச் சிம்பு ஒன்று உடைந்து தங்கினால் பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. முனையை அரத்தால் மழுக்கிய நேரான உலோகக் கம்பி போதும். புஷ்ராடு துளை வழியாகப் பேனா வடிவக் காந்தங்களை இறக்கிப் பிடிக்கும் முறையும் உண்டு. ஆனால் பதினாறு காந்தங்களில் எது நழுவியது என்பதை யாரும் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

கேம்ஷாஃப்டின் முகப்பில் ஸ்ப்ராக்கெட் பூட்டும் மூன்று துளைகளிலும் நீளமான 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை முடுக்கினால் அதுவே கைப்பிடி. மெல்லச் சுழற்றியபடி நேராக இழுத்தால் பேரிங்குகளில் கீறல் விழாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஹெட்டுகளைக் கழற்றிவிடுவேன். புதிய கேஸ்கட்டுகளும் போல்ட்டுகளும் வாங்க வேண்டும்; ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை என்பதால் பழையவற்றைத் திரும்பப் பூட்டக் கூடாது. போல்ட் துளைகளில் கூலன்டோ எண்ணெயோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடக்கூடும் என்பதால், அவற்றைக் காற்றடித்துச் சுத்தமாக்கவும் வேண்டும். வேலை கூடும்தான். ஆயினும் புதிய தட்டுகளும் லிஃப்டர்களும் போட்டு முடித்துவிடலாம். மாறாக, லிஃப்டர் ஒன்று தட்டை விட்டு நழுவி கிராங்க் பக்கம் விழுந்தால், ஆயில் சம்பைக் கழற்றித் தேடுவதோடு ஹெட்டையும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். முழுதாக விழாமல் ரோலர் குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டால் இன்னும் மோசம். எஞ்சினை ஓட்டிய சிறிது நேரத்திலேயே புதிய கேம்ஷாஃப்ட் அரைபட்டுப் போகும்.

மீண்டும் பூட்டும்போது, புதிய தண்டு உள்ளே போன பிறகே கம்பிகளை உருவ வேண்டும். தகடு அந்தத் துளைகளையும் மூடுவதால் கம்பியை மறந்து பூட்டிவிட முடியாது என்பது ஒரு நிம்மதி. தகட்டின் பின்புறமுள்ள சீல்தான் எண்ணெய்ப் பாதைகளை அடைக்கிறது. அது தேய்ந்திருந்தால் எண்ணெய் அழுத்தம் குறையும், ஆகவே தகட்டைப் புதிதாகவே போடுங்கள். பேலன்சருக்கும் புதிய போல்ட் வாங்கி, 50 நியூட்டன் மீட்டர் இறுக்கிய பின் மேலும் 140 பாகை திருப்ப வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு எரிபொருள் பம்பின் ரிலேயை எடுத்துவிட்டு, மீட்டரில் எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள்; அழுத்தம் தெரிந்த பிறகே ரிலேயைத் திரும்ப மாட்டி எஞ்சினைக் கிளப்பலாம்.